காய்ச்சலை மறைக்க வேண்டாம். மறைக்க வைக்கவும் வேண்டாம்



நமுனுகுல மலையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் குரங்கைப் பற்றி யாருக்கும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. பெரட்டுக்குப் போய்த் திரும்புவதற்குள் கூரைத் தகரத்தின் மேல் ஒரு கூட்டம் ஓடி முடித்திருக்கும். வாழைக்குலை, பலாக்காய், லயத்துக்குப் பின்னால் போட்ட போஞ்சிப் பாத்தி, சில வேளை அடுப்படியில் மூடி வைத்த ரொட்டி கூட மிஞ்சுவதில்லை. 2023இல் ஒரு இலட்சம் குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பலாம் என்று பேசினார்கள், அது நடக்கவில்லை. 2025 மார்ச் 15ஆம் திகதி காலையில் நாடு முழுவதும் ஐந்து நிமிடம் குரங்குகளை எண்ணச் சொன்னார்கள். எண்ணி முடித்த பிறகும் கூரை மேல் ஓட்டம் நிற்கவில்லை.

இந்தத் தொல்லையோடு இப்போது ஒரு பயமும் சேர்ந்திருக்கிறது. "குரங்கிடமிருந்து மனிதருக்கு மலேரியா வருகிறதாமே, உண்மையா?" என்று தோட்டக் கமிட்டிக் கூட்டங்களில் அங்கத்தவர்கள் கேட்கிறார்கள். கைத்தொலைபேசியில் வந்த செய்தியைக் காட்டி, குரங்குகளுக்கு நஞ்சு வைத்துவிட்டால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. கேள்வி நியாயமானது. அதற்கு ஒழுங்கான பதில் சொல்வது சங்கத்தின் கடமை.

சுருக்கமான பதில் இதுதான்: அப்படி ஒரு மலேரியா உண்டு. மலேசியாவில் அது ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோரைப் பிடிக்கிறது. நமது லயங்களில் அந்த நோய் பரவவில்லை. பயந்து ஓட வேண்டிய நிலையும் இல்லை. ஆனால் அங்கே அது யாரைப் பிடிக்கிறது, ஏன் பிடிக்கிறது என்று பார்த்தால், அதில் நம் வாழ்க்கையும் தெரிகிறது. அதனால்தான் இந்தத் தலையங்கம்.

முதலில் நோயைப் பற்றி. குரங்கு கடித்தாலோ, குரங்கு கடித்த பழத்தைத் தின்றாலோ மலேரியா வராது. இடையில் நுளம்பு வேண்டும். நோயுள்ள குரங்கின் இரத்தத்தைக் குடித்த அனோபிலிஸ் நுளம்பு, பல நாள் கழித்து மனிதரைக் கடிக்கும்போது கிருமி உடம்புக்குள் போகிறது. மலேசியாவில் இதைச் செய்யும் கிருமியின் பெயர் பிளாஸ்மோடியம் நோலெசி. 1932இல் கல்கத்தாவின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் இதை ஆராய்ந்த நோல்ஸ் என்பவரின் பெயரால் அது அழைக்கப்படுகிறது. இயற்கையாகவே இது மனிதரைத் தொற்றும் என்பது 1965இல் மலாயாக் காட்டில் வேலை செய்த ஓர் அமெரிக்கரிடம் முதன்முதலில் தெரியவந்தது. அதற்குப் பிறகு நெடுங்காலம் அதை எங்கோ ஒருமுறை நடந்த அதிசயம் என்றே நினைத்தார்கள்.

2004இல் அந்த நினைப்பு உடைந்தது. போர்னியோத் தீவில், சரவாக் மாநிலத்துக் கபிட் பகுதியில் மலேரியா நோயாளர் 208 பேரின் இரத்தத்தை மரபணு முறையில் சோதித்துப் பார்த்தார்கள். 120 பேரிடம் இருந்தது இந்தக் குரங்கு மலேரியா. அதுவரை நுணுக்குக்காட்டியில் பார்த்து, வீரியம் குறைந்த வேறொரு வகை மலேரியா என்றே எழுதிவந்தார்கள். இரண்டும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரியும். ஆனால் குணம் ஒன்றல்ல. மற்ற மலேரியாக் கிருமிகள் இரத்தத்தில் ஒரு சுற்றுப் பெருக இரண்டு அல்லது மூன்று நாள் எடுக்கும். நோலெசிக்கு ஒரே நாள் போதும். ஆகவே காய்ச்சல் தினமும் ஏறும். நோயாளி வேகமாகக் கவிழ்ந்துவிடுவார். நேரத்தோடு மருந்து கொடுத்தால் குணமாகும். தாமதித்தால் உயிர் போகும்.

2018 முதல் மலேசியாவில், மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் பழைய மலேரியா உள்நாட்டில் பதிவாகவில்லை. அது பெரிய வெற்றி. ஆனால் அதே 2018இல் குரங்கு மலேரியா 4,000 பேருக்கு மேல் தொற்றியது. முன்வாசலை அடைத்தார்கள்; பின்வாசல் திறந்து கிடந்தது.

அந்த நாலாயிரம் பேர் யார்? பெரும்பாலும் வயது வந்த ஆண்கள்: தோட்டத்தில் வேலை செய்பவர்கள், காடு வெட்டுபவர்கள், காட்டோரம் பயிர் செய்பவர்கள், வெளியில் படுப்பவர்கள். சபா மாநிலத்தில் நடந்த ஆய்வுகள் இதைத் தெளிவாகவே காட்டின. செம்பனைக்காகவும் வேறு பயிருக்காகவும் காட்டை வெட்டினார்கள். இருப்பிடம் இழந்த குரங்குகள் தோட்டத்துக்கும் வீட்டுக்கும் கிட்ட வந்தன. நுளம்பும் கூடவே வந்தது. சபாவில் இந்த நோயைப் பரப்பும் நுளம்பு வீட்டுக்கு வெளியே, இருட்டத் தொடங்கும் நேரத்திலேயே கடிக்கத் தொடங்கிவிடும். இரவு நுளம்பு வலைக்குள் படுத்தவரும், மாலையில் வேலைத்தளத்தில் கடி வாங்கியிருப்பார். வலை நல்லதுதான், வேலை செய்யும் இடத்துக்கு வலை கட்ட முடியாதே. இதனால்தான் இதை வெறும் காட்டு நோய் என்று நாம் சொல்ல மாட்டோம். இது தொழில் தரும் நோய்.

மலாயாத் தோட்டங்களுக்கும் நமக்கும் உறவு பழையது. ஒரே ஊரிலிருந்து அண்ணன் இலங்கைத் தேயிலைக்கும் தம்பி மலாயா இறப்பருக்கும் போன காலம் அது. அங்கே போன நம் சனம் மலேரியாவால் கூட்டம் கூட்டமாகச் செத்தது. 1901இல் கிள்ளானில் மல்கம் வாட்சன் என்ற அரசாங்க வைத்தியர் கான் வெட்டி, சதுப்பு நீரை வடித்து, நோயைக் குறைத்துக் காட்டினார். பிறகு தோட்டங்களிலும் அந்த வேலை நடந்தது. தொழிலாளியின் உயிரைக் காக்கும் வழி அன்றே தெரிந்திருந்தது. செலவழிக்கும் மனம் எங்கே இருந்ததோ அங்கே சாவு குறைந்தது. இந்தக் கணக்கு இன்றும் மாறவில்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1934-35இல் வந்த மலேரியாக் கொள்ளையில் இலங்கையில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டார்கள். மழை பொய்த்து, ஆறுகள் குட்டை குட்டையாகத் தேங்கி, அந்தக் குட்டைகளில் நுளம்பு பெருகியது. பசியால் மெலிந்த உடம்புகளை அது முதலில் கொண்டுபோனது. பின்னர் டி.டி.டி. மருந்து வந்தது, 1963இல் நாடு முழுவதிலும் 17 பேருக்கு மட்டுமே மலேரியா. முடிந்துவிட்டது என்று கையை எடுத்தார்கள். 1968-69இல் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. பதினேழிலிருந்து ஐந்து இலட்சத்துக்குப் போக ஆறு வருடம் போதுமாயிருந்தது என்பதை எந்தத் தொழிலாளியும் மறக்கக் கூடாது.

அந்தப் பாடத்தைக் கற்றபின் நம் நாடு மறுபடி உழைத்தது. உள்நாட்டில் தொற்றிய கடைசி மலேரியா நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016 செப்டெம்பர் 5ஆம் திகதி உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்தது. வறிய நாடு ஒன்றுக்கு இது சிறிய காரியமல்ல. வீடு வீடாகப் போய் இரத்தம் எடுத்தவர்கள், ஆற்றோரக் குட்டைகளில் நுளம்புக் குடம்பி தேடியவர்கள், மருந்து தெளித்தவர்கள் எல்லாரும் சாதாரணச் சம்பளக்காரர்கள். அந்த உழைப்புக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

ஆனால் நுளம்பு போகவில்லை, நோய்தான் போனது. 2018 இறுதியில், பக்கத்து மொனராகலை மாவட்டத்தில், வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வந்திருந்த ஒருவரிடமிருந்து நுளம்பு வழியாக இலங்கையர் ஒருவருக்கு மலேரியா தொற்றியது. நாடு நோயற்றது என்று அறிவிக்கப்பட்ட பின் இங்கேயே தொற்றிய முதல் சம்பவம் அது. உடனே கண்டுபிடித்து, சுற்றியிருந்தவர்களின் இரத்தத்தைச் சோதித்து, பரவாமல் நிறுத்தினார்கள். லுணுகலை வழியாகப் பஸ்ஸில் இறங்கினால் பிபிலை; அது மொனராகலை மாவட்டம். நமுனுகுல உச்சியில் குளிர் அடிக்கலாம். மலை இறங்கும் ஒவ்வொரு வளைவிலும் சூடு கூடுகிறது, நுளம்பும் கூடுகிறது. நம் பிள்ளைகள் சேனை வேலைக்கும், கட்டட வேலைக்கும் அந்தப் பக்கம்தான் இறங்குகிறார்கள்.

மொனராகலைச் சம்பவத்தைக் கேட்டதும் "வெளிநாட்டுக் கூலி நோய் கொண்டு வந்தான்" என்று சொல்ல வாய் வரும். அந்த வார்த்தையை நாம் சொல்லலாமா? மன்னாரிலிருந்து மாத்தளைக்கு வடபாதையில் நடந்து வந்த நம் முன்னோரைப் பற்றியும் இதே வார்த்தைதான் சொல்லப்பட்டது. வழியிலேயே காய்ச்சலிலும் பேதியிலும் விழுந்தவர்களை அங்கேயே புதைத்துவிட்டு மிச்சப் பேர் நடந்தார்கள். வேலை தேடி வந்தவன் நோயாளியானால் அவனுக்கு வைத்தியம் வேண்டும், பழி வேண்டாம். பழிக்குப் பயந்தால் அவன் காய்ச்சலை மறைப்பான். மறைத்தால் எல்லாருக்கும் ஆபத்து.

குரங்கு மலேரியாவும் நம் நாட்டு வாசலைத் தட்டிப் பார்த்திருக்கிறது. மலேசியாவிலிருந்து திரும்பிய ஒருவரிடம் நோலெசி கண்டறியப்பட்ட முதல் சம்பவத்தை நம் நாட்டு வைத்தியர்கள் 2017இல் மருத்துவ இதழில் எழுதினார்கள். இரத்தத்தைப் பார்த்தவுடன் வகையை நிச்சயிப்பது எளிதாக இருக்கவில்லை. மரபணுப் பரிசோதனை தேவைப்பட்டது.

நம் குரங்குகளின் நிலை என்ன? நோலெசியின் இயல்பான இருப்பிடமான நீளவால் குரங்கும் பன்றிவால் குரங்கும் இலங்கைக் காடுகளில் இல்லை. ஆனால் சிங்களத்தில் ரிலவா என்று சொல்லும் நம் ஊர்க் குரங்கின் இரத்தத்தில் வேறு மலேரியாக் கிருமிகள் உண்டு. 1965இலேயே ஏ.எஸ். திஸாநாயக்கவும் உடன் ஆராய்ந்தவர்களும் அவற்றைக் கண்டு எழுதினார்கள். அவற்றில் ஒன்று சைனொமோல்கி என்ற கிருமியின் இலங்கை வகை. மலேசியாவில் இந்தச் சைனொமோல்கி மனிதரையும் தொற்றியிருப்பது 2014இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. இதைப் பயமுறுத்துவதற்குச் சொல்லவில்லை. குரங்கும் நுளம்பும் மனிதரும் ஒரே இடத்தில் நெருங்கி வாழும் ஊரில், ஒரு காய்ச்சலைக் கூடக் கவனியாமல் விடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறோம்.

இங்கேதான் சங்கத்தின் பேச்சு தொடங்குகிறது.

மலேரியாவைத் தடுக்கும் முழு வேலையும் ஒரு விஷயத்தில் நிற்கிறது: காய்ச்சல் வந்தவர் இரண்டாம் நாளே வைத்தியரைப் பார்க்க வேண்டும், தேவையானால் இரத்தம் பார்க்க வேண்டும். கொழும்பில் எத்தனை நல்ல ஆய்வுகூடம் இருந்தாலும், காய்ச்சல்காரர் அங்கே போய்ச் சேராவிட்டால் பயனில்லை. அப்படியானால் நம் தோட்டத்தில் காய்ச்சல் வந்த பெண் என்ன செய்கிறாள்? இரண்டு பனடோலை விழுங்கிவிட்டு மலைக்கு ஏறுகிறாள். ஏன்? வீட்டில் படுத்தால் அன்றைக்குப் பேர் இல்லை. மலைக்குப் போய்க் கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். அரைப்பேராவது கிடைக்கட்டும் என்று போகிறாள். மூன்றாம் நாள் முடியாமல் விழுந்த பிறகு டிஸ்பென்சரிக்குப் போனால் அங்கே ஆள் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பதுளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் ஓட்டோக்காரருக்குக் கொடுக்கக் காசு தேட வேண்டும். அவள் அறியாமையால் தாமதிக்கவில்லை. தாமதிக்காமல் இருக்க அவளுக்கு வழி வைக்கப்படவில்லை.

காய்ச்சலை மறைக்கும்படி ஒரு சம்பள முறை தொழிலாளியைத் தள்ளுமானால், அந்தச் சம்பள முறையும் நோய்க்குத் துணை போகிறது. மலேரியாவுக்கு மட்டுமல்ல, டெங்குக்கும் எலிக்காய்ச்சலுக்கும் இதுவே பொருந்தும். ஆகவே தோட்ட நிர்வாகங்களிடமும் ஊவா மாகாண சுகாதார அதிகாரிகளிடமும் நாம் முன்வைக்கும் கோரிக்கைகள் இவை.

ஒன்று, காய்ச்சலுக்காக வைத்தியரிடம் போய், துண்டு கொண்டு வந்தவருக்கு அந்த நாளுக்கான பேர் போட வேண்டும். இரத்தப் பரிசோதனைக்குப் போகும் நாள் வேலை நாளாகக் கணக்கிடப்பட வேண்டும்.

இரண்டு, ஒவ்வொரு தோட்ட டிஸ்பென்சரியிலும் தகுதியுள்ள ஆள் இருக்க வேண்டும். காய்ச்சலோடு வரும் ஒவ்வொருவரிடமும் "அண்மையில் வெளிநாடு போனீர்களா? காட்டு வேலைக்குப் போனீர்களா? வெளியூரிலிருந்து வந்தவர் வீட்டில் தங்கினாரா?" என்ற மூன்று கேள்வியைக் கேட்டுப் புத்தகத்தில் எழுத வேண்டும். ஆம் என்றால் அன்றே இரத்தம் பார்க்க அனுப்ப வேண்டும். வாகனத்தைத் தோட்டம் கொடுக்க வேண்டும்.

மூன்று, காட்டோரம் துப்புரவு செய்யவும் மரம் வெட்டவும் அனுப்பப்படும் ஆட்களுக்கு நீளக் கைச் சட்டையும் நுளம்பு விரட்டும் பூச்சு மருந்தும் தொழிற் கருவியாகவே வழங்கப்பட வேண்டும். கத்தியும் மண்வெட்டியும் கொடுப்பதுபோல இதுவும் கொடுக்கப்பட வேண்டியதே.

நான்கு, பாவனையில் இல்லாத கிணறு, மூடாத சீமெந்துத் தொட்டி, அடைபட்ட கான், வரட்சியில் ஆற்றோரம் தேங்கும் குட்டை இவற்றைப் பார்க்க நிர்வாகமும் பி.எச்.ஐ.யும் தோட்டக் கமிட்டியும் சேர்ந்து மாதம் ஒரு தடவை நடக்க வேண்டும்.

ஐந்து, லயத்துக் குப்பையை ஒழுங்காக அகற்ற வேண்டும். திறந்து கிடக்கும் குப்பைதான் குரங்குக்கு நாம் போடும் பந்தி.

நிர்வாகத்திடம் கேட்பதோடு நம் பங்கும் உண்டு. வேலைக்கோ யாத்திரைக்கோ மலேரியா உள்ள நாட்டுக்குப் போகும் குடும்பத்தவர் இருந்தால், பயணத்துக்கு முன் மலேரியா எதிர்ப்பு இயக்கத்தை அணுகச் சொல்லுங்கள்; தடுப்பு மருந்து இலவசமாகவே கிடைக்கிறது. திரும்பி வந்தபின் காய்ச்சல் கண்டால், அது பல மாதம் கழித்து வந்தாலும், எந்த நாட்டுக்குப் போனேன் என்பதை வைத்தியரிடம் தானாகவே சொல்ல வேண்டும். அவர் கேட்கும் வரை காத்திருக்க வேண்டாம். மலேரியாவையே பார்த்திராத இளம் வைத்தியர்கள் இன்று இருக்கிறார்கள். அது நம் நாட்டின் வெற்றி, ஆனால் அந்த ஒரு வார்த்தையை நாம் சொன்னால்தான் அவருக்குச் சந்தேகம் வரும். மாலையில் காட்டோரம் நிற்க வேண்டியிருந்தால் உடம்பை மூடிக்கொள்ளுங்கள். பிள்ளைகளை வலைக்குள் படுக்க வையுங்கள்.

குரங்குக்கு நஞ்சு வைக்கும் பேச்சை விடுவோம். நஞ்சு வைத்த சோற்றைக் குரங்கு மட்டும் தின்னாது. நாயும் மாடும், கவனம் தப்பினால் பிள்ளையும் தின்னும். நான்கு குரங்கு செத்தால் மற்றவை அடுத்த லயத்துக்குப் போகும். மலேசியாவிலும் இந்த நோய்க்கு எதிரான போராட்டம் காய்ச்சலைச் சீக்கிரம் கண்டுபிடிப்பதிலும், உடனே மருந்து கொடுப்பதிலும், நுளம்பைத் தடுப்பதிலும்தான் நடக்கிறது. பயிர் அழிவுக்கு நட்டஈடும் காவலும் கேட்பது வேறு போராட்டம். அதையும் நடத்துவோம். இரண்டையும் குழப்ப வேண்டாம்.

அடுத்த மாதத் தோட்டக் கமிட்டிக் கூட்டங்களில் மேலே சொன்ன ஐந்து கோரிக்கைகளையும் வாசித்து, உங்கள் தோட்டத்து டிஸ்பென்சரியில் ஆள் எத்தனை நாள் இருக்கிறார், காய்ச்சலுக்குப் போனவருக்குப் பேர் போட்டார்களா என்று எழுதி மாவட்டக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். குறிப்பாக மாதர் அணித் தலைவிகள் இதைப் பொறுப்பெடுக்க வேண்டும். யார் காய்ச்சலோடு மலைக்கு ஏறுகிறாள் என்பது நிரையில் பக்கத்தில் நின்று கொழுந்து எடுப்பவளுக்குத்தான் முதலில் தெரியும். அவளைக் கூட்டிக்கொண்டு டிஸ்பென்சரிக்கு இறங்குங்கள். அன்றைக்குரிய பேருக்காக நிர்வாகத்திடம் சங்கம் பேசும்.